பழைய ஃபோர் பை ஃபோரை வீட்டிலேயே தயார் செய்து, அனுமதியோடு காட்டுப் பாதையில் ஓட்ட: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், நான்கு சக்கரமும் இழுக்கும் (ஃபோர் பை ஃபோர்) ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற ஒரு பழைய பிக்கப் வாசலில் நிற்காத தெரு குறைவு. செம்பனைக் குலை ஏற்றவும் உரமூட்டை இழுக்கவும் வாங்கிய வண்டிகள். அதையே கொஞ்சம் உயர்த்தி, நல்ல டயர் போட்டு, விடுமுறை நாளில் மலைப்பக்கம் ஏறலாம் என்று பலருக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது, எந்த ஆபீசில் என்ன கேட்பது என்று ஒரே இடத்தில் யாரும் சொல்வதில்லை. ஒரு கவுண்டரில் கேட்டால் அடுத்த கவுண்டரைக் காட்டுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு பதில். அப்படி அலைந்து திரிந்து நான் சேர்த்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் டயரில் தொடங்குகிறார்கள். நீங்கள் இடத்தில் தொடங்குங்கள். எங்கே ஓட்டப் போகிறோம், அந்த நிலம் யாருடையது என்பது தெரிந்தால்தான் வண்டிக்கு என்ன வேண்டும், கையில் என்ன காகிதம் வேண்டும் என்பது தெரியும். நான் பார்த்தவரை, வண்டிக்குக் கொட்டிய பணத்தில் பாதி தேவையில்லாத செலவாகப் போவது இந்த வரிசை தலைகீழாக மாறுவதால்தான்.

1. நிலம் யாருடையது என்று பாருங்கள்

நம் பக்கத்தில் மண் பாதைகள் பெரும்பாலும் நான்கு வகை.

தோட்டத்துப் பாதை: செம்பனை, ரப்பர் தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலை. கேட் திறந்திருந்தாலும் அது தனியார் நிலம். மேனேஜரின் எழுத்து அனுமதி வேண்டும்.

நிரந்தர வனக் காப்பகம்: மாநில வன இலாகாவின் கீழ் வருவது. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி பெர்மிட் இல்லாமல் உள்ளே காலே வைக்கக் கூடாது. அபராதத்தோடு சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு.

மரம் வெட்டும் பாதை: வனக் காப்பகத்துக்குள்ளேயே குத்தகை எடுத்தவர்கள் போட்டது. பெர்மிட்டோடு குத்தகைக்காரரின் சம்மதமும் தேவை. பாரம் ஏற்றிய சந்தாய்வோங் எனும் மரம் இழுக்கும் லாரி வளைவில் இறங்கி வரும்போது அதற்குப் பிரேக் பிடித்து நிற்க இடம் இருக்காது. வேலை நடக்கும் நாளில் அந்தப் பாதையே வேண்டாம்.

பூர்வகுடி கிராமத்துக்குப் போகும் பாதை: சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா தாண்டி, கோலா மூ போன்ற தெமியார் மக்களின் கிராமங்களுக்கு ஏறும் வழிகள். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கூகுள் வரைபடத்தில் கோடு தெரிகிறது என்பதால் அது பொதுப்பாதை ஆகிவிடாது. நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

2. கிரானை எடுத்து வண்டியோடு ஒப்பிடுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கிரானில், அதாவது வண்டியின் பதிவு ஆவணத்தில், இருக்கும் இன்ஜின் எண், சேஸி எண், இன்ஜின் கொள்ளளவு, நிறம், உடல் வகை எல்லாம் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய சுசுகி ஜிம்னி வாங்குகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தச் சின்ன 1,000 சிசி இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறு இன்ஜின் ஏற்றியவை சந்தையில் நிறைய உண்டு. கிரானில் பழைய எண்ணே இருந்தால் அந்த வண்டி உங்கள் பெயருக்கு மாறாது. சேஸியை வெட்டி ஒட்டிய வண்டி என்றால் பறிமுதல் வரை போகும்.

அதனால் இரண்டாம் கை வண்டிக்கு முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் பெயர்மாற்றப் பரிசோதனையை முடிக்கச் சொல்லுங்கள். இதை முன்பு புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிறுவனம் மட்டுமே செய்துவந்தது. அதன் தனியுரிமை 2024 ஆகஸ்டோடு முடிந்து, மற்ற நிறுவனங்களுக்கும் வழி திறந்திருக்கிறது. விற்பவர் "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம் தம்பி" என்று இழுத்தால், வேறு வண்டி பாருங்கள்.

வண்டி இன்னும் வங்கிக் கடனில் இருந்தால், பெரிய மாற்றம் எதுவும் செய்வதற்கு முன் வங்கியிடமிருந்து சம்மதக் கடிதம் வாங்குங்கள். கடன் தீரும்வரை கிரானில் அவர்களுக்கும் உரிமை இருக்கிறது.

3. எதற்கு ஜேபிஜேயிடம் போக வேண்டும்

கிரானில் எழுதியிருப்பது எது மாறினாலும் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவின், ஒப்புதல் வேண்டும். இன்ஜின், முழு நிறமாற்றம், உடல் அமைப்பு, இருக்கை எண்ணிக்கை எல்லாம் இதில் சேரும். இன்ஜின் மாற்றத்துக்கு, வாங்கிய ரசீதும் இறக்குமதி இன்ஜின் என்றால் சுங்கத்துறைக் காகிதமும் கேட்பார்கள். ரசீது இல்லாத இன்ஜின் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கிரானில் இல்லாத மாற்றங்களில்தான் குழப்பம். உயரம், முன்பக்க இரும்புக் கம்பி, வின்ச் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி), கூரைத் தட்டு, கூடுதல் விளக்கு எல்லாம் இந்த வகை. பணிமனையில் "இது ஜேபிஜே ஓகே" என்று சொல்வார்கள். அந்த வார்த்தை சாலைத் தடுப்பில் செல்லாது. வண்டியின் படம், மாட்டப்போகும் பாகத்தின் படம், கிரான் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஜேபிஜே கிளைக்குப் போய்க் கேளுங்கள். பெரிய வேலை என்றால் புத்ராஜெயா தலைமையகத்தின் வாகனப் பொறியியல் பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள்.

சம்மன் விழும் வழக்கமான இடங்கள்: மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்தும் டயர், சத்தமான எக்ஸாஸ்ட், சாலையில் எரியவிட்ட எல்இடி பார் விளக்கு, வின்சோ கம்பியோ மறைத்த நம்பர் பிளேட். எல்இடி பார் வைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு உறை போட்டு, தனி சுவிட்ச் வைத்து, தார்ச்சாலையில் அணைத்தே வையுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றங்களைத் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகிவிடும்.

இன்னொன்று: கழற்றிய பழைய ஸ்பிரிங், டயர், ரிம் எதையும் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது, பரிசோதனைக்காகப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டி வரலாம்.

4. பணத்தை எந்த வரிசையில் செலவு செய்வது

விலைகள் எல்லாம் நான் ஈப்போவிலும் ஊரிலும் விசாரித்த அளவில் தோராயமானவை. பிராண்டைப் பொறுத்து ஏறி இறங்கும்.

முதல் வேலை, யாரும் படம் எடுத்துப் போடாத வேலை: டிஃப் பிரீதர். டிஃப் என்பது அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரப் பெட்டி, பிரீதர் என்பது அதற்குள் காற்று போய்வரும் சின்னத் துளை. ஓடி ஓடி டிஃப் சூடாகிறது. அப்படியே ஆற்றுத் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து வடிகால் ஸ்குரூவைத் திறந்தால் எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வரும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பேரிங்கும் பல்சக்கரமும் போகும், செலவு ஆயிரக்கணக்கில். தடுக்கும் வழியோ எளிது. பிரீதர் மூடியைக் கழற்றி, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயை மாட்டி, இன்ஜின் அறையின் மேல்பகுதிவரை கொண்டுபோய் கிளிப் போடுங்கள். சின்ன ஃபில்டர் ஒன்றை நுனியில் வையுங்கள். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) இரண்டுக்கும் இதே மாதிரி. எல்லாம் சேர்த்து 50 முதல் 100 வெள்ளி (ரிங்கிட்), ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. குழாயை இழுக்கும்போது அச்சு முழுவதும் கீழே தொங்கும் நிலையிலும் இறுகாத அளவுக்குத் தொய்வு விடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் போக விடாதீர்கள்.

இரண்டாவது, பழுது பார்ப்பு. பிரேக், கூலண்ட், பெல்ட், பேட்டரி, பால் ஜாயிண்ட், எல்லா எண்ணெய்களும். 300 முதல் 800 வெள்ளி. தார்ச்சாலையில் முனகும் வண்டி மலையில் நின்றுவிடும்.

மூன்றாவது, மீட்புச் சாமான். இழுவைப் பட்டை, இரண்டு ஷேக்கிள் (பட்டையை மாட்டும் இரும்பு வளையம்), மண்வெட்டி, பாராங், கையுறை, காற்றடிக்கும் கம்ப்ரஸர், காற்றழுத்த மீட்டர். 400 முதல் 700 வெள்ளி. முன்னும் பின்னும் சேஸியோடு போல்ட் போட்ட இழுவைக் கொக்கி இருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையை மாட்டி இழுக்கவே கூடாது. அது பிய்ந்து பறந்தால் உயிர் போகும்.

நான்காவதுதான் டயர். டி-மேக்ஸில் கம்பெனி கொடுத்த 245/70R16 டயரின் விட்டம் ஏறக்குறைய 749 மில்லிமீட்டர். 265/75R16 போட்டால் 804. அதாவது வண்டியின் அடிவயிறு மேலே போவது 27 மில்லிமீட்டர்தான், ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 107 ஆக இருக்கும். நெடுஞ்சாலையில் 110 என்று நினைத்து ஓட்டினால் கேமரா வேறு எண்ணைச் சொல்லும். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்குச் சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏடி வகை போதும். மண் டயர் ஈரத் தார்ச்சாலையில் வழுக்கும், சத்தமும் போடும். நல்ல ஏடி டயர் ஒன்று 450 முதல் 700 வெள்ளி. சுமைக் குறியீடு பழைய டயருக்குக் குறையாமல் பாருங்கள்.

ஐந்தாவது, உயர்த்துவது. இரண்டு அங்குலத்தோடு நிறுத்துங்கள். உள்ளூர் செட் 1,500 வெள்ளியிலிருந்து, ஆஸ்திரேலிய செட் 3,500-க்கு மேல். முதல் தலைமுறை டி-மேக்ஸில் முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் உயரும், காசே இல்லை என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அளவுக்கு மீறித் திருகினால் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, அதன் மூட்டான சிவி ஜாயிண்ட்டை மூடும் ரப்பர் பூட் கிழியும், சக்கரம் கீழே இறங்க இடம் இல்லாமல் வண்டி குதிக்கும். உயர்த்திய பிறகு பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அலைன்மென்ட் செய்யாமல் நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

ஸ்நார்க்கல் (இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்), வின்ச் இரண்டும் கடைசி. முதல் சில பயணங்களுக்கு இரண்டுமே தேவைப்படாது.

ஸ்நார்க்கல் மாட்டினால் ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜின் ஓடும்போது அதன் வாயைத் தட்டையான பலகையால் ஒரு கணம் மூடுங்கள். இன்ஜின் திணறி நிற்கப் போக வேண்டும். ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால் எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம். காற்று புகும் ஓட்டையில் தண்ணீரும் புகும். ஏர்பாக்ஸில் (ஏர் ஃபில்டர் பெட்டி) கம்பெனி வைத்த வடிகால் துளையை மறந்துவிடுகிறார்கள், அது வழியாகவும் புகுகிறதா என்று பாருங்கள்.

5. வீட்டு வாசலில் வேலை செய்யும்போது

சிமெண்ட் தரையில் மட்டும் செய்யுங்கள். லயத்து வீட்டு மண் வாசல் மழைக்குப் பிறகு இளகும், ஸ்டாண்ட் சாயும். வேறு இடமே இல்லை என்றால் தடித்த பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். இரண்டு ஸ்டாண்ட், சக்கரத்துக்குக் கட்டை, பக்கத்தில் ஓர் ஆள்.

பின் லீஃப் ஸ்பிரிங் மாற்றும்போது யூ-போல்ட்டைப் புதிதாக வாங்குங்கள். புஷ் போல்ட்டுகளை முதலில் லேசாக மட்டும் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு முழுதாக முறுக்குங்கள். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். வீல் நட்டை 100 கிலோமீட்டரிலும், யூ-போல்ட்டை 500 கிலோமீட்டரிலும் மறுபடி இறுக்குங்கள்.

பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். 2005-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளில் அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிட்ட கழிவு. டப்பாவில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் சேகரிப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். நம் தோட்டத்துக் கால்வாய் எல்லாம் கடைசியில் ஆற்றில்தான் விழுகிறது.

6. தோட்டத்து அனுமதி

முதல் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தூரம் குறைவு, ஏதாவது ஆனால் டிராக்டர் உண்டு, ஊரில் தெரிந்த முகம் உண்டு. கங்காணியோ கிராணியோ தெரிந்தவர் என்றால் அவர் மூலம் பேச்சைத் தொடங்கலாம். ஆனால் "அண்ணன் சொன்னார், போகலாம்னு" என்பது அனுமதி ஆகாது. கேட்டில் ஜாகா (காவலாளி) கேட்பது கடிதம்.

கடிதத்தை மலாயில் எழுதி மேனேஜர் பெயருக்குக் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: தேதி, நுழையும் நேரம், வெளியேறும் நேரம், எந்த கேட், எந்த டிவிஷன், எல்லாருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும், வண்டி எண்கள், ஒரு தொலைபேசி எண். குப்பை எடுத்துவருவோம், பாதை சேதமானால் சரிசெய்து தருவோம் என்று இரண்டு வரி சேருங்கள். பெரிய நிறுவனத் தோட்டங்களில் இழப்பீட்டுப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். படித்துவிட்டுப் போடுங்கள். பதில் வர ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். பெரும்பாலும் கட்டணம் இருக்காது.

இருட்டிய பிறகு நிற்காதீர்கள். செம்பனைக் குலைத் திருட்டு பெரிய தொல்லையாக இருக்கும் காலம் இது. இரவில் தோட்டத்துக்குள் ஒரு பிக்கப் நின்றால் காவலுக்கு முதலில் வரும் எண்ணம் அதுதான். சரி, பகலில் போனாலும் லயத்து வீடுகள் முன்னால் முதல் கியரில் போங்கள். புழுதி அவர்கள் காயப்போட்ட துணியில் விழும். ஆடி மாதத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழா இருக்கும் வாரத்தில் வேறு நாள் பாருங்கள்.

மழை பெய்த மறுநாள் போகாமல் இருப்பது உங்கள் நல்ல பெயருக்கு அவசியம். ஈரச் செம்மண்ணில் நீங்கள் போடும் பள்ளத்தில்தான் அடுத்த நாள் குலை ஏற்றிய டிராக்டர் சிக்கும். அதற்குப் பிறகு யாருக்கும் அனுமதி கிடைக்காது.

7. வனப் பெர்மிட்

சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதால் மாவட்ட வன அலுவலகமும் அந்தக் கணக்கில்தான் வரும். போவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். பாதை எந்த வனக் காப்பகத்தில், எந்தக் கம்பார்ட்மெண்டில் (காப்பகத்தின் எண்ணிட்ட பகுதி) வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இது தெரியாமல் போனால் திரும்பத் திரும்ப அலைய வேண்டி வரும். கையில் இருக்க வேண்டியவை: விண்ணப்பக் கடிதம், பாதையின் வரைபடம், பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை நகல், வண்டி எண்களும் கிரான் நகலும், சாலை வரி, இன்சூரன்ஸ். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ரசீதைப் பெர்மிட்டோடு சேர்த்து ஊசி போட்டு வையுங்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகல் அரசாங்க அலுவலகங்கள் 12.15 முதல் 2.45 வரை மூடியிருக்கும். பக்கத்துக் கெடாவுக்குப் போவதாக இருந்தால் அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு திறந்திருக்கும், நமக்கு அது வசதி.

கிளப்போடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "பெர்மிட் எடுத்தாச்சு" என்று ஏற்பாட்டாளர் சொல்வார். உங்கள் பெயரும் வண்டி எண்ணும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கடைசி நேரத்தில் வண்டி மாற்றினால் பட்டியலையும் மாற்றச் சொல்லுங்கள். கிளப் சங்கப் பதிவு இலாகாவில் பதிவானதா என்றும் கேட்கலாம், அதில் தவறில்லை.

எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து சாலை வரியையும் லைசென்சையும் மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும் என்றாலும், காட்டு வாசலில் போனுக்கு லைன் இருக்காது.

8. பூர்வகுடி கிராமங்கள்

வழி அவர்கள் ஊருக்குள் போகிறது என்றால் ஜக்கோவா எனும் பூர்வகுடி மேம்பாட்டு இலாகா அலுவலகத்தில் அனுமதி கேட்டு, கிராமத் தலைவருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் நோயாளியை இறக்குவதும் அதே பாதையில்தான். பாதையை நாம் உழுதுவிட்டு வந்தால் அவர்கள்தான் அவதிப்படுவார்கள். அவர்களில் ஒருவரை வழிகாட்டியாக அழைத்து, நியாயமான கூலியைப் பேசிக் கொடுங்கள். பாலம் எது நிற்கும், எது நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

9. போகும் நாள்

தனி வண்டியாகப் போகாதீர்கள், குறைந்தது இரண்டு. பெயர்ப் பட்டியலும் திரும்பும் நேரமும் வீட்டிலும் உள்ளூர் போலீஸ் நிலையத்திலும் இருக்கட்டும்.

டீசலைக் கணக்குப் போட்டு நிரப்புங்கள். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் மானியம் போய் லிட்டர் 3.35 வெள்ளி ஆனது, அதன்பின் விலை மாறிக்கொண்டே இருக்கிறது. லோ கியரில் ஊர்ந்து போகும்போது சாலையில் குடிப்பதைப்போல் இரண்டு மடங்கு குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணில் இறங்கும் முன் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். 15-க்குக் கீழே போனால் சாதாரண ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள்.

ஆற்றில் இறங்கும் முன் ஒருவர் கம்போடு நடந்து பார்க்கட்டும். அவரால் நிற்க முடியாத வேகம் என்றால் வண்டியும் இறங்கக் கூடாது. தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே மழை பெய்து கெப்பாலா ஆயர் எனும் திடீர் வெள்ளம் வருகிறது என்று அர்த்தம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் உடனே கரையேறுங்கள். ஆற்றோரம் கூடாரம் போடுவதும் இதனால்தான் வேண்டாம். பேராவின் இந்தப் பக்கம் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் மாலை மழை அதிகம், அந்த மாதங்களில் பிற்பகலுக்குள் ஆறுகளைக் கடந்து திரும்பிவிடுங்கள்.

வின்ச் இழுக்கும்போது கம்பியின்மேல் ஈரக் கோணியோ போர்வையோ போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் கம்பியின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கட்டும்.

10. வீடு திரும்பியதும்

பெர்மிட்டில் வெளியேறும் நேரம் எழுதியிருந்தால், வெளியே வந்துவிட்டோம் என்று வன அலுவலகத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் உங்களைத் தேட ஆள் அனுப்புவார்கள்.

அன்றைக்கே அடிப்பாகத்தைக் கழுவுங்கள். சேஸி இடுக்கில் காய்ந்த சேறு ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவாக்கும். பிரேக் டிரம்முக்குள் சேறு புகுந்திருந்தால் திறந்து சுத்தம் செய்யுங்கள். மறுநாள் காலை, வண்டி ஆறிய பிறகு, டிஃப் வடிகால் ஸ்குரூவைச் சற்றே தளர்த்தி முதல் சொட்டைப் பாருங்கள். தண்ணீர் கனமானது என்பதால் அதுதான் முதலில் வரும். தெளிந்த எண்ணெய் வந்தால் இறுக்கி மூடிவிடலாம். கலங்கி வந்தால் முழுவதும் வடித்து, புதிதாக ஊற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை மாற்றுங்கள்.